பென்சில் கையெழுத்து

ஐயோ, மடக்காதீங்கக்கா! கத்திட்டேன், மன்னிச்சுக்கங்க. அந்த ஃபைல மட்டும் மடக்கக்கூடாது. நீங்க தாராளமா ஜன்னலோரம் உக்காருங்க, நான் இந்தப் பக்கம் வந்துர்றேன். பை கீழயே கெடக்கட்டும், அதுல சேலைதான் இருக்கு. ஃபைலு மட்டும் என் மடியில. உள்ள ரெண்டு அட்டைக்கு நடுவுல ஒரு தாளு வச்சிருக்கேன். ஒரே தாளு. அசலு. ஜெராக்ஸ் இல்ல, அசலு.

நீங்க எதுவரைக்கும்? திருநெல்வேலியா? நல்லது. நான் கோவில்பட்டிக்குக் கொஞ்சம் முன்னாடியே எறங்கிருவேன். நல்லமங்கலம் வளைவு. கண்டக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், நிறுத்துறேன்னாரு.

விசேஷமான்னா கேக்குறீங்க? சேலை, மோதிரம், பத்திரிகை எல்லாம் கையில இருக்கு, விசேஷம் மாதிரிதான் தெரியும். நிச்சயம் பண்ணது முறிஞ்சு போச்சுக்கா. அவங்க போட்டத அவங்களுக்கே திருப்பிக் குடுக்கப் போறேன். எங்கப்பா "கொரியர்ல போட்டுத் தொலை, நீ ஏன் அந்த ஊருப் படியேறுற"ன்னாரு. சேலையப் போடலாம். நிச்சயப் பத்திரிகைய எப்படிக்கா கொரியர்ல போடுறது? அசல் ஆவணம். ஆளு கையில ஆளு குடுக்கணும். எங்கப்பாவுக்கு அது புரியல. "ஒனக்கு வாழ்க்கை போச்சு, நீ தாளப் பத்திப் பேசுற"ன்னு அழுதுட்டாரு.

ஒரு நிமிஷம்க்கா, மெசேஜு. ...இல்ல, அவன் இல்ல. எங்க ஆராய்ச்சிக் குரூப்பு. ஏதோ பழைய சிறைப் பதிவேடு ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்களாம். அப்புறம் பாக்குறேன்.

அவன் பேரு கோமதிநாயகம். நாயகம்னு கூப்பிடுவேன். காலேஜுல எனக்கு ஒரு வருஷம் முன்னாடி. வரலாறு படிச்சுட்டு அவங்கப்பாவோட உரக்கடைய பாத்துக்கப் போயிட்டான். நான் அதே வரலாற மேல மேல படிச்சுக்கிட்டு இருக்கேன். வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஜில்லாவுல ஜெயிலுக்குப் போனவங்கதான் என் தலைப்பு. பெரிய தலைவருங்க இல்லக்கா, அவங்களப் பத்தி ரெண்டு அலமாரி புக்கு இருக்கு. தந்திக் கம்பி அறுத்தவன், கள்ளுக்கடை முன்னாடி நின்னவன், சும்மா வேடிக்கை பாக்கப் போயி மாட்டுனவன், இந்த மாதிரி ஆளுங்க. இவங்கள தேடணும்னா புஸ்தகத்துல கெடைக்காது. மூல ஆவணம் வேணும். போலீஸ் எழுதுனது, ஜெயிலர் எழுதுனது, இவங்களே மனு எழுதுனது. நாயகம் என்னை "ஏய் ஆராய்ச்சி"ன்னுதான் கூப்பிடுவான். "ஏய் ஆராய்ச்சி, சாப்பிட்டியா?" "ஏய் ஆராய்ச்சி, ஆதாரத்தோட சொல்லு, என்னப் புடிக்குமா?" இப்படி.

அவனப் புடிச்சதுக்கு அவங்க பூட்டனும் ஒரு காரணம், பொய் சொல்லக் கூடாது. தியாகி குருமலை. நல்லமங்கலம் ஊருக்குள்ள நுழையுற எடத்துல பெரிய சிமெண்டு வளைவு இருக்கு, அவரு செத்து ரொம்ப வருஷம் கழிச்சு அவரு பேருல கட்டுனது. நாப்பத்திரெண்டுல ரயிலடிகிட்ட தந்திக் கம்பிய அறுத்துப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போனாரு. "செஞ்சது தப்புன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடு, வெளிய விட்டுர்றோம்"னு கேட்டாங்க. போடல. நாப்பத்தஞ்சு வரைக்கும் உள்ளயே கெடந்து மத்தவங்களோடதான் வெளிய வந்தாரு. வளைவுல அப்படியே செதுக்கியிருக்கு. "கையெழுத்துப் போடாத கை." அதுக்கு மேல ஒரு கை, இப்படி விரிச்ச மாதிரி.

அந்த வீட்டுல ஒரு பழக்கம் இருக்குக்கா. கேட்டா சிரிப்பீங்க, ஆனா எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. நல்ல காரியத்துல அவங்க கையெழுத்தே போட மாட்டாங்க. நிச்சயத்துல பத்திரிகை எழுதி வாசிச்சு ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் கையெழுத்துப் போடுவோம்ல? பொண்ணு வீட்டுக்காரங்க போடுவாங்க. அவங்க வீட்டுப் பெரியவரு மஞ்சளக் கரைச்சு வலது கைய முக்கி அப்படியே தாள்ல பதிச்சிருவாரு. அவ்வளவுதான். பத்திரம், பேங்க், போலீஸ் ஸ்டேஷன், இந்த மாதிரி வேற வழியில்லாத எடத்துலதான் கையெழுத்து. அந்த வீட்டு ஆம்பளைங்க சட்டைப் பையில பேனாவே குத்த மாட்டாங்க. கடையில பில்லு போடக்கூட சம்பளத்துக்கு ஆளு. நாயகத்துக்கு எத்தன பேனா வாங்கிக் குடுத்திருக்கேன், எல்லாத்தையும் எனக்கே திருப்பிக் குடுத்திருவான்.

மொத மொதல்ல அவங்க வீட்டுக்குப் போனப்ப தாத்தாதான் என்கிட்ட ரொம்ப நேரம் பேசுனாரு. நாயகத்தோட தாத்தா, நயினார். தியாகி குருமலையோட ஒரே மகன். எம்பத்தஞ்சு இருக்கும், மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்பு, கன்னத்துல சோளத்தக் கொட்டி அமுக்குன மாதிரி. நான் தழும்பப் பாக்குறேன்னு அவருக்கே தெரிஞ்சு போச்சு.

"பெரியம்மை தாயி. நாலு வயசுல போட்டுச்சு. எங்காத்தா அதுலதான் போயிட்டா. நான் எங்கய்யா மடியில கெடந்து பொழைச்சேன். வேப்பெலையால ராவும் பகலும் வருடிக் குடுத்தாரு. அந்த மடிச் சூடு இன்னும் முதுகுல இருக்கு"ன்னாரு.

ஒடனே நாயகத்தோட அப்பா, நான் மாமான்னுதான் கூப்பிடுவேன், அவரு குறுக்க வந்தாரு. "யப்பா, அது கனவு. எத்தன தடவ சொல்றது? ஒங்களுக்கு அம்மை போட்டது நாப்பத்தி மூணு. தாத்தா அப்ப ஜெயில்ல. வளைவுலயே எழுதிப் போட்டிருக்கு."

தாத்தா தலையாட்டிக்கிட்டாரு. "ஆமாமா. கனவுதான்."

எனக்குள்ள மணி அடிச்சிருச்சுக்கா! நீங்களே யோசிங்க. ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாதுல்ல? ஒண்ணு வளைவு தப்பு, இல்ல தாத்தா தப்பு. ஒரு ஆராய்ச்சியாளருக்கு இதவிட என்ன வேணும்? அன்னைக்கு அவங்க போட்ட அதிரசத்தக்கூட நான் ருசிச்சுச் சாப்பிடல. மனசு பூரா தேதிதான்.

கெளம்புறப்ப நாயகம் சொன்னான், "ஏய் ஆராய்ச்சி, எங்க பூட்டன் பேரு எங்கயாவது அச்சுல இருந்தா ஒரு காப்பி எடுத்துட்டு வாயேன். கடையில மாட்டிருவோம்."

அவ்வளவுதான், முடிவு பண்ணிட்டேன். நிச்சயத்துக்கு நான் குடுக்குற பரிசு அதுதான். எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "மாப்பிள்ளைக்கு ஒரு வாட்சு வாங்கிக் குடுடி. ஊர்ல பொண்ணுங்க சேலையப் பத்திப் பேசுதுங்க, இவ ஜெயிலப் பத்திப் பேசுறா."

சென்னையில ஆவணக் காப்பகம் போயிருக்கீங்களா? போயிருக்க மாட்டீங்க. போகணும்க்கா. அங்க மொதல்ல அட்டவணைய எடுத்து ஒவ்வொரு பேரா விரல வச்சுத் தேடணும். பேரு இருந்தா நம்பர் இருக்கும். நம்பர சீட்டுல எழுதிக் குடுத்துட்டுக் காத்திருக்கணும். சில சமயம் கட்டு வரும், சில சமயம் "தாள் ஒடையுது, தர முடியாது"ன்னு சீட்டு மட்டும் திரும்பி வரும். உள்ள பேனா கொண்டு போகக் கூடாது. மை சிந்திருச்சுன்னா போச்சுல்ல? பென்சில் மட்டும்தான். அதனால எனக்குப் பேனாப் பழக்கமே விட்டுப் போச்சு. பாருங்க, கைப்பையில எத்தன பென்சிலு. நாயகம் கேலி பண்ணுவான், "எங்க வீட்டுக்கு ஏத்த மருமக"ன்னு.

குருமலைங்கற பேர வெள்ளைக்காரன் எப்படியெல்லாம் எழுதியிருக்கான் தெரியுமா? எனக்கே மூணாவது நடை போனப்பதான் பிடிபட்டுச்சு. கட்டு வந்துச்சு. வெள்ளை நாடா போட்டுக் கட்டுனது, பிரிச்சா ஒரே பழுப்பு வாசம். மொதல்ல ஜெயிலரு எழுதுன குறிப்பு. அடுத்து மனு. இங்கிலீஷு, யாரோ உள்ள இருந்த படிச்சவரு எழுதிக் குடுத்திருக்கணும். கீழ தமிழ்ல கையெழுத்து. குருமலை. கடைசி எழுத்த அப்படியே கீழ இழுத்து விட்டிருக்காரு, வேட்டி நுனி தொங்குற மாதிரி.

நான் அங்கயே அழுதுட்டேன்க்கா. காப்பகத்துக்காரரு ஓடி வந்தாரு. "ஏம்மா, தாள் நனைஞ்சிரும், தள்ளி உக்காந்து அழுவும்மா"ன்னாரு.

என்ன எழுதியிருந்துச்சா? எனக்கு மனப்பாடம். "எனது மனைவி பெரியம்மையில் இறந்துவிட்டாள் என்று இன்று தெரிந்தது. எனது ஒரே மகன் நயினார், வயது நாலு, அதே நோயில் வீட்டில் தனியே கிடக்கிறான். அச்சத்தால் அக்கம்பக்கத்தார் யாரும் நெருங்குவதில்லை. வாசலில் கஞ்சி வைத்துவிட்டுப் போகிறார்கள். எழுந்து எடுக்க அவனால் முடியாது. நான் செய்த செயலுக்கு வருந்துகிறேன். இனி எந்தக் கிளர்ச்சியிலும் சேர மாட்டேன். அவன் உயிரோடு இருக்கும்போது என்னை விட வேண்டும்." அதுக்குக் கீழ, வேற மையில, விடலாம்னு உத்தரவு. தேதி நாப்பத்தி மூணு.

நாப்பத்தி மூணு! தாத்தாவுக்கு அம்மை போட்ட அதே வருஷம்! ஒரு மனுசன் வாயால சொன்னதும் ஒரு தாளும் இப்படிப் பொருந்துறது எவ்வளவு அபூர்வம்னு உங்களுக்குத் தெரியாது. பேராசிரியருங்க இதுக்காக ஆயுசு பூரா காத்துக் கெடப்பாங்க. எனக்கு நிச்சயத்துக்கு முன்னாடியே கெடைச்சிருச்சு. நான் எவ்வளவு கொடுத்து வச்சவ பாருங்க.

நாயகத்துக்கு போன் பண்ணேன். "கெடைச்சிருச்சு!"ன்னு கத்துனேன். "என்னதுல இருக்கு?"ன்னான். "அதச் சொன்னா பரிசா?" அப்புறம், "ஏ, எல்லாம் சரியாத்தான இருக்கு?"ன்னான். "சூப்பரா இருக்கு! கையெழுத்தோட இருக்கு!"ன்னேன். "கையெழுத்தா? எந்தக் கையெழுத்து?" "வந்து பாரு"ன்னு வச்சிட்டேன். அவன் மறுபடி கூப்பிட்டான். எடுக்கல. எடுத்தா ஒளறிருவேன்ல? நம்ம வாய் சும்மா இருக்காது.

முத்திரை போட்ட நகல் வாங்கி, மதுரையில நல்ல கடையாப் பாத்து தேக்குச் சட்டம் போட்டேன். நிச்சயம் எங்க தெரு மண்டபத்துல. நல்லமங்கலத்துலருந்து வேன் வேனா ஆளுங்க. தியாகி வீட்டு நிச்சயம்ல, ஊரே வந்துச்சு. பத்திரிகைய எங்க சித்தப்பா வாசிச்சாரு. எங்கப்பா கையெழுத்துப் போட்டாரு. மஞ்சக் கிண்ணத்தத் தாத்தா முன்னாடி வச்சாங்க. தாத்தா கைய முக்குனாரு. அப்பத்தான் நான் எந்திரிச்சேன்.

"ஒரு நிமிஷம் தாத்தா, கைய வைக்கிறதுக்கு முன்னாடி என் பரிசு ஒண்ணு"ன்னு சட்டத்தப் பிரிச்சேன். எல்லாரும் கைதட்டுனாங்க. மாமா மூஞ்சியப் பாக்கணுமே, அவ்வளவு பெருமை. வாசிக்க ஆரம்பிச்சேன். தமிழ்ல, நிறுத்தி நிறுத்தி, நல்லா ஏத்த எறக்கத்தோட.

"நான் செய்த செயலுக்கு வருந்துகிறேன்"ங்கறப்ப மண்டபமே கப்புனு ஆயிருச்சு. நான் நெனைச்சேன், எல்லாரும் உருகிட்டாங்கன்னு. நாயகம் மெதுவா "வேணி, நிறுத்து"ன்னான். நான் எப்படிக்கா நிறுத்துறது? ஆவணத்தப் பாதியில நிறுத்தினா அர்த்தமே மாறிரும். கடைசி வரைக்கும் வாசிச்சேன். கையெழுத்து, உத்தரவு, தேதி, கட்டு நம்பர் எல்லாம்.

மாமா எந்திரிச்சாரு. "எவன் எழுதுன பொய்யி இது? வெள்ளைக்காரன் எழுதுனத இங்க கொண்டாந்து வாசிக்கிறியா?"

"இல்ல மாமா, நீங்களே பாருங்க. கையெழுத்து தமிழ்ல இருக்கு. போலி இல்ல, நான் ரெண்டு எடத்துல ஒப்பிட்டுட்டேன்"னேன். அவருக்குச் சந்தேகம்னா தீத்து வைக்கணும்ல? நாயகத்தோட அத்தை ஒருத்தி, "ஊரக் கூட்டி ஒக்கார வச்சு நம்ம வீட்டக் கழுவி ஊத்துறாளே, இவ மருமகளா, மஞ்சக் கடுதாசியா?"ன்னு கத்துறா. நான் எடுத்துச் சொல்றேன், "போடாதவங்களப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு. போட்டவங்களப் பத்தி யாருமே எழுதலயே. ஊரு காறித் துப்பும்னு தெரிஞ்சே போட்டிருக்காரே, அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்? வளைவுல அதையும் சேத்துச் செதுக்கணும்"னேன். சேத்துச் செதுக்கணும்னு சொன்னதுதான் மாமாவுக்குத் தாங்கல. சட்டத்தப் பிடுங்குனாரு. கண்ணாடி உடைஞ்சிருச்சு. நல்ல வேளை, தாளுக்கு ஒண்ணும் ஆகல.

இதுல தாத்தா மட்டும் அசையல. முக்குன கை அப்படியே அந்தரத்துல நிக்குது. மஞ்சத் தண்ணி சொட்டுச் சொட்டா மடியில விழுது.

"இன்னொருக்க வாசி தாயி"ன்னாரு.

"எதத் தாத்தா?"

"எம்பேரு வர்ற எடம்."

வாசிச்சேன். எனது ஒரே மகன் நயினார், வயது நாலு.

"தேதி போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான் தாத்தா. நாப்பத்தி மூணு."

"நாப்பத்தி மூணா"ன்னாரு. சரி பாக்குறாருன்னு நெனைச்சேன். எங்கயாவது தப்புப் புடிக்க முடியுமான்னு. அப்புறம் என்னைப் பாத்து, "பேனா வச்சிருக்கியா?"ன்னாரு.

எனக்கு உசிரே போயிருச்சுக்கா. அந்த வீட்டுல, நல்ல காரியத்துல, பேனா! கைப்பையத் தொழாவுறேன், பேனா எங்கருந்து வரும்? பென்சில்தான் வந்துச்சு. அதையே குடுத்துட்டேன். தாத்தா மஞ்சக் கைய வேட்டியில தொடைச்சாரு. பத்திரிகைய இழுத்தாரு. எங்கப்பா கையெழுத்துக்குப் பக்கத்துல, கையெழுத்தப் போட்டுட்டாரு.

மாமாவே பதறிட்டாரு. "யப்பா! என்ன காரியம் பண்றீங்க!"ன்னு கத்தி, தோளப் புடிச்சுத் தூக்குனாரு. அவரே பதறுறாருன்னா பாருங்க, எவ்வளவு பெரிய அவமானம் எங்களுக்கு. அவங்க வீட்டு வழக்கப்படி கைய வச்சா உறவு. கையெழுத்துப் போட்டா கோர்ட்டு, கச்சேரி, அத்துவிடுறது. தாத்தா வாயால ஒண்ணுமே சொல்லல. ஒரே கையெழுத்துல என்னை வெளிய தள்ளிட்டாரு. போறப்ப என் பென்சில வேற எடுத்துட்டுப் போயிட்டாரு.

இருங்க, காட்டுறேன். ஓரத்தப் புடிங்க, நடுவுல வேணாம். இதான். இது எங்கப்பா. இது தாத்தா. இந்த மஞ்சக் கறை அவரு விரலு பட்டது, சரியாத் தொடைக்கல. படிக்க முடியுதா? "குருமலை மகன் நயினார்." கவனிச்சீங்களா? கடைப் பத்திரத்துல நான் பாத்திருக்கேன், சும்மா "கு. நயினார்"னுதான் போடுவாரு. இங்க முழுசா இன்னாரு மகன் இன்னாருன்னு எழுதியிருக்காரு. கிரயப் பத்திரத்துல அப்படித்தான எழுதுவாங்க? ஆக இது சட்டப்படியான முறிவு. ஆவணம் படிக்கிறதுதானேக்கா என் வேலை, ஒரு எழுத்து எதுக்கு அங்க இருக்குன்னு யோசிக்காம விட மாட்டேன். கடைசி எழுத்தக் கீழ இழுத்து விட்டிருக்காரு பாருங்க, அவங்கய்யா மாதிரியே. கோவத்துல இழுத்த இழுப்பு.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? இல்லக்கா, நான் சரியாத்தான் படிச்சிருக்கேன். வேற எப்படிப் படிக்கிறது இத?

நாயகமா? ஒரே ஒரு மெசேஜு. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல." அவ்வளவுதான். நான் பக்கம் பக்கமா பதில் போட்டேன், அடிக்குறிப்போட. நீலக்குறி விழுந்துச்சு. அதோட சரி. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு அந்த ஒரு வரியத்தான் படிக்கிறேன். அதுல கோவம் இருக்கா, வருத்தம் இருக்கா, ஒண்ணும் புடிபடல. செத்துப் போனவன் எம்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதுனது புரியுது எனக்கு. இது புரியல. அந்த "ல"வுல என்ன இருக்குன்னு எவ்வளவு யோசிச்சேன் தெரியுமா?

சாப்பிடுறப்ப எல்லாம் அவன் கொரலு கேக்குது. ஏய் ஆராய்ச்சி, சாப்பிட்டியான்னு. இல்லக்கா, அழல. தூசி.

போன வாரம் மாமா கூப்பிட்டாரு. "எங்கப்பா வீட்டுல யாருகிட்டயும் மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல. சோத்தக்கூட தனியா வாங்கித் திங்கிறாரு. எல்லாம் ஒன்னாலதான். எங்க சாமானக் கொண்டாந்து குடுத்துட்டு ஒங்க சாமான எடுத்துட்டுப் போ"ன்னாரு. தாத்தாவுக்கு என் மேல அவ்வளவு வெறுப்பு. "சட்டம் போட்ட அந்த மனு என்னாச்சு மாமா?"ன்னு கேட்டேன். அந்த நேரத்துலயும் அதான் கேக்கத் தோணுச்சு, என்ன பண்ண. "அத அவரு தலமாட்டுல வச்சுக்கிட்டு யாரையும் தொட விட மாட்டேங்காரு"ன்னு போன வச்சிட்டாரு. பாத்தீங்களா? பதுக்குறாரு. வெளிய தெரியக் கூடாதுன்னு ஆவணத்தப் பதுக்குறாரு. என் சொத்தே போனாலும் நான் அப்படிச் செய்ய மாட்டேன்.

எங்க போறோம்... சாத்தூர் தாண்டிட்டோமா? இன்னும் கொஞ்ச தூரம்தான்.

நான் என்னக்கா தப்புப் பண்ணேன்? அதச் சொல்லுங்க மொதல்ல. பொய் சொன்னேனா? திரிச்சேனா? ஒரு வரி கூட்டல, ஒரு வரி கொறைக்கல. பூட்டன் புள்ளைக்காகக் கையெழுத்துப் போட்டாரு. அத எடுத்து அந்தப் புள்ள கையிலயே குடுத்தேன். அதுக்கு இவ்வளவு தண்டனையா? எனக்கு வளைவு வேணாம்க்கா, தியாகி வீடு வேணாம். காலையில கடை தொறந்து ஷட்டரத் தூக்குறப்ப எனக்கு போன் பண்ணுவானே, பின்னாடி ஷட்டர் சத்தம் கேக்குமே, அது போதும் எனக்கு. அந்தச் சத்தத்துக்கு எங்க போயித் தேடுவேன்? அதுக்கு எந்தக் காப்பகத்துலயும் கட்டு கெடையாது.

என்ன, தாத்தாகிட்டயே நேராப் போயிக் கேக்கவா? ஐயோ, அவரு மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது? பத்திரிகைய மாமா கையில குடுப்பேன், வாங்கிக்கிட்டேன்னு எழுதி வாங்கிக்குவேன், வந்துருவேன். பன்னெண்டு மணி வாக்குல வருவேன்னு மட்டும் மாமாகிட்ட சொல்லியிருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான் கவலை. பென்சில் கையெழுத்து செல்லாதுல்ல? நாளைக்கு யாராவது ரப்பர வச்சு அழிச்சுட்டா? இந்த ரெண்டு மூணு வாரமா ரப்பர் இருக்குற எடத்துல இந்த ஃபைல நான் வைக்கவே இல்ல. என்னை அத்துவிட்ட கையெழுத்துதான். இருந்தாலும் அழிய விட மனசு வரல.

அதோ, அதோ பாருங்க, வளைவு. தெரியுதா, கை விரிச்ச மாதிரி. கண்டக்டர்! வளைவுல ஆளு எறங்கணும்!

அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கக்கா. ஃபைல நானே புடிச்சுக்கிறேன்.

வளைவுக்குக் கீழ யாரோ ஸ்டூலு போட்டு ஒக்காந்திருக்காங்க. இந்த வெயில்ல... அக்கா. அது தாத்தா. ஆமா, தாத்தாதான். வீட்டுப் படியக்கூட மிதிக்கக் கூடாதுன்னு இங்கயே வந்து வாங்கிக்கிறாரு போல. மாமா இல்ல, நாயகம் இல்ல, ஒத்தையில வந்திருக்காரு.

அக்கா, சட்டைப் பையப் பாருங்க. என் பென்சிலு. அதுக்குப் பக்கத்துல... பேனா! பேனா குத்தியிருக்காருக்கா! அந்த வளைவுக்குக் கீழயே! நான் சொன்னேன்ல, பென்சில் செல்லாதுன்னு அவருக்கும் தெரிஞ்சிருச்சு. அது மேலயே மையால எழுத வந்திருக்காரு. இனி யாராலயும் அழிக்க முடியாது. முடிஞ்சுதுக்கா. எல்லாம் முடிஞ்சுது.

எறங்குறேன் அண்ணே, எறங்குறேன், தள்ளாதீங்க. வரேன்க்கா. நீங்க எதுக்குக்கா கண்ணத் தொடைக்கிறீங்க?

ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. முறிச்சு எழுத வந்தவரு, எதுக்குக்கா புது வேட்டி கட்டிட்டு வந்திருக்காரு?